வளையம் கூடுவதும் கலைவதும்: உலர்ந்த துளியை வைத்து ஒரு சோதனை முயற்சி

ஒரு துளி திரவம் கண்ணாடியின் மேல் காய்ந்த பின் விட்டுச் செல்லும் கறையைப் பார்த்து, அந்தத் திரவத்தில் ஒரு நோயின் அடையாளம் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியுமானால், விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாத இடத்திலும் முதல்கட்டப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கான படங்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. அதே முறை, மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில் நான் நடத்தும் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில், மின்விசிறிக்கும் சாலைப் புழுதிக்கும் எறும்புக்கும் நடுவில் எந்த அளவுக்கு நிலைக்கும் என்று பார்ப்பதே என் நோக்கமாக இருந்தது. வேலை நேரம் முடிந்த மாலைகளில் செய்த வேலை இது. நோயாளிகளின் மாதிரி எதையும் இதற்குப் பயன்படுத்தவில்லை. பரிசோதனைக் கிட்டுடன் வரும் கட்டுப்பாட்டு சீரங்கள் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்தான் சீரம்; இவற்றின் விடை முன்பே தெரிந்தது), என்னுடைய உமிழ்நீர், உப்புக் கரைசல், நீர்த்த பால் ஆகியவை மட்டுமே துளிகளாயின. இந்த முறையில் யாருக்கும் ரிப்போர்ட் கொடுக்கப்படவில்லை.

மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடுப்பகுதி வெளிறி, விளிம்பில் மட்டும் கரும்பழுப்பு வளையம் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இதற்கான விளக்கத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் முதலியோர் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். துளியின் விளிம்பு கண்ணாடியில் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. மெல்லிய அந்த விளிம்பிலிருந்து நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் தன்னுடன் துகள்களையும் இழுத்துச் சென்று விளிம்பில் குவிக்கிறது. விளிம்பு நகராமல் இருப்பதும் ஆவியாதல் நடப்பதும் உறுதியானால் கரைசலில் இருப்பது காபித் தூளா வேறொன்றா என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. நோயறிதலுக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். தனித்தனியாக இருக்கும் நுண்துகள்கள் விளிம்புக்குப் போய் வளையமாகும். நோயின் அடையாளப் புரதம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கிவிட்டால், அந்தக் கட்டிகள் பாதி வழியிலேயே படிந்துவிடும், அல்லது ஆப்பு போல மெலிந்துகொண்டே போகும் விளிம்புக்குள் நுழைய முடியாமல் நின்றுவிடும். ஆகவே வளையம் கலைந்தால் அடையாளம் இருக்கிறது என்று பொருள்.

உலர்ந்த துளியைப் பார்த்து முடிவு சொல்வது மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடும் பாப் பரிசோதனைக்குப் பெயர் தந்த பாப்பனிகோலாவ் 1940-களிலேயே கருப்பை வாய்ச் சளி காயும்போது பெரணி இலை வடிவத்தில் படிகமாவதைக் குறிப்பிட்டிருக்கிறார். பனிக்குடம் உடைந்துவிட்டதா என்ற ஐயம் வரும்போது, கசியும் திரவத்தை ஸ்லைடில் காயவைத்துப் பெரணி வடிவம் தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் பிரசவ அறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. கண்ணீரின் பெரணி வடிவத்தை நான்கு வகைகளாகப் பிரித்துக் கண் வறட்சியோடு தொடர்புபடுத்தியவர் இத்தாலியக் கண் மருத்துவர் ரோலண்டோ, அது 1984. பிரான்ஸின் மார்செய்யில் டேவிட் புரூட்டின் குழுவினர் 2011-இல், காய்ந்த ரத்தத் துளியில் விழும் வெடிப்புகள் நலமாக இருப்பவர், ரத்தசோகை உள்ளவர், ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர் ஆகியோருக்கு வேறுபடுவதைப் படங்களுடன் காட்டினார்கள்.

இவற்றுள் என்னை வேலையில் இறக்கியது அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசல்டன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட வேலை. மலேரியாவின் அடையாளப் புரதங்களில் ஒன்றான எச்.ஆர்.பி.-2-ஐ ஒத்த ஒரு பெப்டைடை (புரதத் துண்டு போன்ற சிறு சங்கிலியை) எடுத்துக்கொண்டு, அது இருந்தால் ஒளிரும் துகளும் காந்தத் துகளும் ஒன்றாக ஒட்டும்படி அமைத்தார்கள். துளியின் நடுவுக்கு நேர் கீழே சிறு காந்தம் ஒன்று இருக்கும். ஒட்டிய கூட்டம் நடுவிலேயே நின்றுவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி காந்தம் அல்ல. எதனோடும் ஒட்டாத இன்னொரு நிறத் துகளையும் அதே துளியில் சேர்த்திருந்தார்கள். அது எப்போதும் விளிம்புக்குப் போய் வளையமாகும். அந்த வளையம் தெரிந்தால்தான் துளி முறையாகக் காய்ந்திருக்கிறது என்று பொருள். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் ‘சி’ கோடு செய்யும் வேலையை இந்த வளையம் செய்கிறது. பரிசோதனை நிலையம் நடத்துபவனுக்கு ‘நெகட்டிவ்’ என்பதும் ‘பரிசோதனை நடக்கவே இல்லை’ என்பதும் வேறு வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்த முறையையும் மேசைக்குக் கொண்டுவர முடியாது.

ஒளிரும் துகளுக்கும் காந்தத் துகளுக்கும் நான் போக வேண்டியதில்லை என்று தோன்றியதற்குக் காரணம், ஒட்டிக் கட்டியாகும் துகள்கள் எங்களைப் போன்ற எல்லாச் சிறு நிலையங்களின் குளிர்பெட்டியிலும் ஏற்கனவே இருப்பதுதான். சி.ஆர்.பி. லேடெக்ஸ் கிட் என்பது பாலிஸ்டைரீன் நுண்துகள்களின் மேல் சி.ஆர்.பி.-க்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், பூசப்பட்ட பால் போன்ற திரவம். உடலில் அழற்சியோ தொற்றோ இருக்கும்போது கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் புரதம் சி.ஆர்.பி. கறுப்பு அட்டையில் ஒரு சொட்டு சீரமும் ஒரு சொட்டு லேடெக்ஸும் கலந்து இரண்டு நிமிடம் சுழற்றினால், சி.ஆர்.பி. லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் சீரத்தில் வெண்துகள்கள் திரிந்து தெரியும். பாசிட்டிவ், நெகட்டிவ் கட்டுப்பாட்டு சீரங்கள் கிட்டிலேயே இருக்கும். காலாவதி தேதி தாண்டியதால் நோயாளிகளுக்குப் பயன்படுத்தக் கூடாத கிட் ஒன்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டு சீரங்களோடு அட்டையில் போட்டுப் பார்த்ததில் திரிவது இன்னும் சரியாகவே இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் தேவைப்பட்டது காற்று அசையாத, ஈரப்பதம் மாறாத ஒரு பெட்டி. ஐஸ் பாக்கெட்டோடு ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) வந்து இறங்கும் தெர்மாகோல் பெட்டியே போதுமானதாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டி, கண்ணாடித் துண்டு ஒன்றை டேப்பால் ஒட்டிச் சாளரமாக்கினேன். அடியில் வைக்க மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட மெருகேற்றிய கல்துண்டு ஒன்று கிடைத்தது. இவ்வளவு தட்டையான பரப்பை வேறு எங்கே விலை கொடுத்து வாங்கினாலும் இதை விடச் சிறப்பாக இருந்திருக்காது. கல் கனமாக இருப்பதால் வெப்பநிலையும் சட்டென்று ஏறி இறங்குவதில்லை. கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை அதன் மேல் வைத்து, அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி மட்டப்படுத்த வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் வளையம் ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் நூலாகிவிடும்.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த மின்கருவி எதுவும் தேவையில்லை. சில உப்புகளை, முழுவதும் கரையாமல் சேறு பதத்தில் இருக்கும்படி நனைத்து மூடிய பெட்டிக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் அந்த உப்புக்கே உரிய ஓர் அளவில் வந்து நிற்கும். மக்னீசியம் குளோரைடுக்கு அது சுமார் 33 சதவீதம். சோடியம் குளோரைடுக்கு 75 சதவீதம். இரண்டு பெட்ரித் தட்டுகளில் மக்னீசியம் குளோரைடு சேற்றை வைத்துப் பெட்டியை மூடி, ஒரு மணி நேரம் கழித்தே துளிகளை வைப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். வாங்கும்போது பெயரைக் கவனிக்க வேண்டும். உரக்கடையில் எளிதாகக் கிடைப்பது மக்னீசியம் சல்பேட், அது இந்த வேலைக்கு ஆகாது.

டவுன்ஹால் சாலையில் வாங்கிய சிறிய மின்னணு ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் அதையும் இதே முறையில் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரு டிபன் பாக்ஸுக்குள் நனைத்த ஆய்வக சோடியம் குளோரைடையும் ஈரப்பதமானியையும் சேர்த்து மூடி, இரவு முழுதும் விட்டு, காலையில் பார்த்தால் அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. அந்த வித்தியாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிட்டேன். இதற்குச் சமையலறைக் கல் உப்பைப் பயன்படுத்தக் கூடாது; அதில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் நிற்கும் அளவு கீழே இறங்கிவிடும்.

ஸ்லைடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியை விட அதிகமாகத் தொல்லை கொடுத்தவை அவைதான். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பளபளவென்று இருக்கும் ஸ்லைடின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம்; மழைக்காலத்தில் பிரித்து வைத்த ஸ்லைடுகள் பூத்துப்போய் மங்கலாகிவிடும். பூத்த இடத்தில் துளி ஒழுங்கற்றுப் பரவும். எண்ணெய் இருக்கும் இடத்தில் குமிழ் போல நிற்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, குழாய் நீரில் அலசி, வடிநீரில் இரண்டு முறை அலசி, கடைசியில் ஸ்பிரிட்டில் முக்கி, தூசு படாமல் சாய்த்து வைத்துக் காயவைப்பது என்ற முறைக்கு வந்து சேர்ந்தேன். சோப்பின் மிச்சம் சிறிது தங்கினாலும் துளியின் மேற்பரப்பு இழுவிசையில் வேறுபாடு உண்டாகி, விளிம்புக்குப் போக வேண்டிய துகள்கள் சுழன்று திரும்பி நடுவுக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட நெகட்டிவ் துளி பார்ப்பதற்குப் பாசிட்டிவ் போலவே இருக்கும் என்பதால், இந்த அலசலில் சோம்பல் கூடாது.

நீரும் அப்படித்தான். கடையில் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் நீரையும், பரிசோதனை நிலையத்துக்கு வரும் வடிநீரையும், எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரே ஸ்லைடில் அடுத்தடுத்துத் துளிகளாக வைத்துக் காயவைத்தேன். ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச் சென்றது சுண்ணாம்புக் கோட்டைச் சுவர் போன்ற வெள்ளை வளையம், அதற்குள் சிறு படிகங்கள். பேட்டரி நீர் கண்ணுக்கு ஒன்றும் விடவில்லை. ஆனால் கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சியபோது மயிரிழை போன்ற வட்டம் ஒன்று தெரிந்தது. நிலையத்து வடிநீர் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் வெறும் வடிநீர்த் துளி ஒன்று வைக்கப்பட்டது. அந்த இடத்தில் எதாவது தெரிந்தால் அந்த ஸ்லைடே தள்ளுபடி. (மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குழாய் நீரின் இத்தகைய கறைகளைப் படமெடுத்து நீரின் தன்மையையே அடையாளம் காண முயன்றிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் கிணற்று நீர் மாறும் நம் பகுதியில் இது தனியாகச் செய்து பார்க்கத் தகுந்த வேலை.)

அடுத்து உமிழ்நீர். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், வாயைக் கொப்பளித்துச் சிறிது நேரம் கழித்து எடுத்த என் உமிழ்நீர்த் துளி காய்ந்தபோது, நுண்ணோக்கியின் நான்கு மடங்குப் பொருளருகு லென்ஸின் கீழ் அழகான பெரணி இலைகள் விரிந்திருந்தன. உமிழ்நீரில் பெரணி வடிவம் தெரிந்தால் பெண்ணுக்குக் கருமுட்டை வெளியாகும் காலம் என்று சொல்லி விற்கப்படும் சிறு கருவிகள் உண்டு. சில ஆண்களுக்கும் பெரணி வடிவம் வரும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. ஐம்பதைக் கடந்த ஆணாகிய என் துளி அந்த எச்சரிக்கைக்குத் தக்க சாட்சியாக இருந்தது. உப்பும் சளிப்புரதமும் கலந்து காயும் எந்தத் திரவத்திலும் இவ்வடிவம் வரலாம். வடிவம் இருப்பது மட்டுமே நோயையோ நிலையையோ சொல்லிவிடாது. அதே உமிழ்நீரை 75 சதவீத ஈரப்பதத்தில் காயவைத்தபோது இலைகள் பாதியும் உருவாகவில்லை. கண்ணீர்ப் பரிசோதனையில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணம் இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

இனி லேடெக்ஸ். கிட்டின் முறைப்படி சீரத்தையும் லேடெக்ஸையும் கலந்து, சுழற்றிய கலவையிலிருந்து நேரடியாக 5 மைக்ரோலிட்டர் எடுத்து வைத்த துளிகள் பயன்படவில்லை. சாதாரண சீரத்தில் டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருக்கிறது. துளி காயக் காய அது கூழாகிக் கெட்டிப்பட்டு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெடித்துவிடுகிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது வெடிப்புகளே. வளையம் அவற்றுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. கலவையைச் சலைனில் நீர்க்கச் செய்தால் வெடிப்பு குறைந்தது, ஆனால் உப்பு தலைதூக்கியது. 0.9 சதவீதச் சலைனின் 5 மைக்ரோலிட்டர் துளியில் 45 மைக்ரோகிராம் உப்பு இருக்கிறது. அது கடைசி நிமிடத்தில் சதுரப் படிகங்களாகி லேடெக்ஸை எங்கெங்கோ தள்ளிவிடுகிறது. கடைசியில் நிலைத்த முறை இது: சீரம் 10 மைக்ரோலிட்டர், லேடெக்ஸ் 10 மைக்ரோலிட்டர் கலந்து இரண்டு நிமிடம் சுழற்றி, துகள்கள் ஒட்ட வேண்டியது ஒட்டி முடிந்த பின்னர் 180 மைக்ரோலிட்டர் வடிநீரை மெதுவாகச் சேர்த்து, பிப்பெட்டால் உறிஞ்சி அடிக்காமல் குழாயைச் சாய்த்து நிமிர்த்திக் கலக்கி, அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர் துளி வைப்பது. இந்தப் பத்து மடங்கு நீர்ப்பில் புரதமும் உப்பும் பின்வாங்கி வளையம் முன்னுக்கு வந்தது. கிட்டின் முறையில் ஒரு பரிசோதனைக்கு 50 மைக்ரோலிட்டர் லேடெக்ஸ் செலவாகும் இடத்தில் இங்கே ஐந்தில் ஒரு பங்கே செலவாகிறது.

பெட்டிக்குள் 33 சதவீதத்தில், அறை வெப்பநிலை 30 டிகிரி அளவில் இருக்கும்போது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தத் துளி காய்வதற்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. சாளரத்தின் வழியே பக்கவாட்டு ஒளியில் பார்த்துக்கொண்டிருந்தால், நெகட்டிவ் துளியின் பால்வெண்மை நடுவிலிருந்து மெல்ல வற்றி ஓரத்தில் வெள்ளை நூலாகக் கூடுவது தெரியும். கடைசியில் நடு கண்ணாடியைப் போலத் தெளிந்துவிடும். பாசிட்டிவ் துளியில் தொடக்கத்திலிருந்தே சிறு வெண்பொடிகள் இருக்கும். பெரியவை இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், சிறியவை கொஞ்ச தூரம் நகர்ந்து ஒன்றோடொன்று மோதி நிற்கும்.

இந்தக் கட்டத்தில் பயிற்சிக்கு வந்திருந்த டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு) மாணவியிடம் ஸ்லைடுகளைக் கொடுத்து, எது எது என்று எனக்குச் சொல்லாமல் பின்பக்கம் எண் மட்டும் எழுதித் தரச் சொன்னேன். அதேபோல நான் எண் போட்டுக் கொடுத்தவற்றை அவர் படித்தார். சிறிது நேரத்தில் ஒரு ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சார், பாசிட்டிவ்னா வளையம் இருக்காதுன்னுதான சொன்னீங்க? இதுல வளையமும் இருக்கு, உள்ள புள்ளி புள்ளியாவும் இருக்கே?” அவர் கேட்டது சரியான கேள்வி. எல்லாத் துகள்களும் ஒட்டிக்கொள்வதில்லை; ஒட்டாமல் மிஞ்சியவை வழக்கம்போல விளிம்புக்குப் போகின்றன. ஆகவே வளையம் இல்லாமை என்பதைத் தேடக் கூடாது. உள்ளே தெளிவாக இருக்கிறதா, பொடி தெரிகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும், வளையத்தின் தடிமனை அதற்குப் பிறகு பார்க்கலாம். இதை இப்படி மாற்றிக்கொண்ட பின் கட்டுப்பாட்டு சீரங்களை லேடெக்ஸோடு கலப்பதற்கு முன் நீர்க்கச் செய்யாமல் போட்ட துளிகளில் எங்கள் இருவரின் படிப்பும் பெரும்பாலும் ஒத்துப்போனது.

கண்ணின் தீர்ப்பை மட்டும் நம்பாமல் இருக்கப் படமும் எடுத்தேன். கறுப்புச் சார்ட் தாள், அதன் மேல் ஸ்லைடு, ஏறக்குறைய கிடைமட்டமாகப் பாயும் எல்.இ.டி. டார்ச், மேலே தாங்கியில் கைபேசி, அதன் முன் கிளிப் லென்ஸ். கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதை நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மங்கலான வளையத்தையும் அது பிரகாசமாக்கிக் காட்டும். படத்தை ‘இமேஜ்ஜே’ என்ற இலவச மென்பொருளில் திறந்து, துளியின் நடுவை மையமாக வைத்து வட்டம் வட்டமாகச் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டால் ஒரு வரைபடம் கிடைக்கும். நெகட்டிவ் துளிக்கு அந்தக் கோடு நெடுந்தூரம் தரையோடு ஓடி, கடைசியில் ஒரே ஒரு கூர்மையான முகடாக எழுகிறது. பாசிட்டிவில் முகடு தாழ்ந்து, வழியெல்லாம் மேடு பள்ளம். ஆனாலும் பொடி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும்போது வட்டச் சராசரி அதை மழுப்பிவிடுகிறது. அத்தகைய துளிகளில் மாணவியின் கண்ணே மென்பொருளை விடச் சரியாக இருந்தது.

முறையின் எல்லையைப் பார்க்கப் பாசிட்டிவ் சீரத்தைச் சலைனில் இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றையும் அட்டையிலும் துளியிலும் சேர்த்துப் படித்தோம். வழக்கமான பரிசோதனையில், திரிதல் கடைசியாகத் தெரியும் நீர்ப்பு அளவை 6-ஆல் பெருக்கி, சி.ஆர்.பி. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகச் சொல்வது உண்டு. உலர்ந்த துளி அட்டையை விட மிஞ்சிப் போனால் ஒரு படி கூடுதலாகக் காட்டியது. அந்தப் படியிலும் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையை அரை மணி நேரமாக்கி இந்தப் பலனைப் பெறுவது சி.ஆர்.பி.-யைப் பொறுத்தவரை வீண் என்றே சொல்வேன். துளிக்கு இருக்கும் சிறப்பு வேறு: அட்டையில் திரிந்தது ஐந்து நிமிடத்தில் காய்ந்து பொருளற்றுப் போகும், துளியின் கறையோ மறுநாளும் அப்படியே இருக்கும், படமாக வேறொருவருக்கு அனுப்பி அவர் கருத்தையும் கேட்கலாம். படிக்கத் தெரிந்தவர் ஒரு இடத்திலும் மாதிரி எடுப்பவர் இன்னொரு இடத்திலும் இருக்கும்போது இது பொருட்படுத்த வேண்டிய சிறப்பு.

பெட்டி இல்லாமல் என்ன ஆகும் என்பதை ஐப்பசி மழையே காட்டிவிட்டது. வெயில் காலத்துப் பிற்பகலில் என் பின்னறையின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கும். அடைமழை நாளில் 80-ஐத் தாண்டும். மழை நாளில் மேசையின் மேல் திறந்து வைத்த நெகட்டிவ் துளி காய்வதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்வளவு மெதுவாகக் காயும்போது விளிம்பை நோக்கிய ஓட்டமும் தளர்கிறது, துகள்களுக்குக் கீழே படியவும் அவகாசம் கிடைக்கிறது. கடைசியில் எஞ்சியது மெலிந்த வளையமும் உள்ளே மங்கலான வெண்படலமும். அதை லேசான பாசிட்டிவ் என்று யாரும் படித்திருப்பார்கள். அதே கலவையிலிருந்து அதே நேரத்தில் பெட்டிக்குள் வைத்த துளி, துடைத்தெடுத்த நெகட்டிவாக இருந்தது. துளி முதலில் சொல்வது அறையின் ஈரப்பதத்தையும் ஸ்லைடின் தூய்மையையும்தான். நோயாளியைப் பற்றி அது சொல்வது அதற்குப் பிறகு. ‘மலிவான பரிசோதனை’ என்று எழுதுபவர்கள் துளியின் விலையை மட்டுமே கணக்கிடுகிறார்கள் என்பது என் வருத்தம். 1992-இல் இதே மதுரையில் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலையை எளியவர்களுக்கு எட்டும்படி இறக்கியது. உற்பத்தியில் தரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி அதைச் செய்யவில்லை. இங்கேயும் மலிவாக்க வேண்டியது கட்டுப்பாட்டைத்தான்: ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு தட்டு உப்புச் சேறு, ஒவ்வொரு ஸ்லைடிலும் மாதிரியோடு ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ், ஒரு வெறும் நீர். இந்த நான்கு துளிகளும் ஒன்றாகக் காயாத ஸ்லைடை நான் படிப்பதில்லை.

எறும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. சீரமும் உமிழ்நீரும் காயும் இடத்தைச் சின்னஞ்சிறு எறும்புகள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன; ஈரத் துளியின் ஓரத்தில் ஒன்று வாய் வைத்தால் வளையத்தில் அந்த இடத்தில் இடைவெளி விழும். பெட்டியை நீர் ஊற்றிய தட்டின் நடுவே நான்கு கிண்ணங்களின் மேல் தூக்கி வைத்த பிறகே தொல்லை தீர்ந்தது. நீர்த்தட்டு பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் உப்புச் சேற்றின் வேலை கெட்டுவிடும்.

கட்டுப்பாட்டு சீரங்கள் மனித சீரத்திலிருந்து செய்யப்பட்டிருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் தொற்றுள்ளவையாகவே கருதி, கையுறையோடு கையாண்டேன். படித்து முடித்த ஸ்லைடுகளைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடிக் கழிவுக்கான நீலக் குறியிட்ட பெட்டியில் சேர்த்தேன். வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பாலோடும் உப்பு நீரோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. நீர்த்த பாலிலேயே வளையம் நன்றாகத் தெரியும்.

ஒட்டாத துகளை அதே துளியில் சேர்க்கும் வாண்டர்பில்ட் யோசனையை இன்னும் கைவிடவில்லை. கறுப்பு இந்தியன் இங்க்கை மிக நீர்க்கச் செய்து சேர்த்துப் பார்த்தேன். அதில் உள்ள பிசின் லேடெக்ஸோடு சேர்ந்து படலமாகி, இரண்டு வளையங்களையும் குழப்பிவிட்டது. ஆன்டிபாடி பூசாத வெறும் நிற லேடெக்ஸ் சிறு அளவில் கிடைக்கிறதா என்று ரீஏஜென்ட் விற்பவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். 2025-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், முதல் துளியின் வளையத்தில் புரதத்தைச் செறிவாக்கி, அதன் மேல் தங்க நுண்துகள் கலந்த இரண்டாவது துளியை வைத்து, உண்டாகும் வடிவத்தைக் கைபேசிப் படத்திலிருந்து செயற்கை நுண்ணறிவால் படிக்கும் முறையை வெளியிட்டிருக்கிறார்கள். தங்க நுண்துகள் என் நிலையத்துக்கு இப்போது எட்டாது. ஒரே இடத்தில் இரண்டு துளிகளை அடுத்தடுத்துக் காயவைப்பது எட்டும். நிற லேடெக்ஸ் வந்து சேரும் வரை, நீர்த்த சீரத்தை முதல் துளியாகவும் லேடெக்ஸை அதன் வளையத்தின் மேல் இரண்டாவது துளியாகவும் வைத்து, வெயில் காலத்தில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் அதே பெட்டிக்குள் பார்க்கப்போகிறேன்.